வெள்ளைத் துணி போர்த்தாத மனிதர்கள்

நாய் டாக்டர், “நாலு மாசத்துக்குள்ள குட்டி எல்லா மாதிரி ஆளுங்களையும் பாத்துப் பழகிடணும்” என்றபோது சலூன்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“என்கிட்டயா சொல்றீங்க? என் கடைக்கு வராத மூஞ்சியே இல்ல டாக்டர்.”

கடை மூலையில் ஒரு பெட்டி போட்டு நாய்க்குட்டி உருண்டையை உட்கார வைத்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதைத் திறந்துவிடுவார்; எழுவதற்குள் மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். தாடிக்காரர், வழுக்கைக்காரர், நாற்காலியில் சாய்ந்ததுமே குறட்டை விடுபவர் என்று வந்தவர்களின் கால்களையெல்லாம் அது நக்கித் தீர்த்தது.

மனைவி போய்ச் சேர்ந்தபின் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மகள், இப்போதுதான் நடக்கத் தொடங்கிய பேரனோடு குடிவருவதாக இருந்தாள். ஆனால் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “உங்க நாய் என் பிள்ளையப் பாத்து ஒரு தடவ உறுமினாலும் நான் வேற வீடு பாத்துக்குவேன்ப்பா.”

“அது தங்கக் கம்பிம்மா, வந்து பாரு!”

அவள் வரப் பத்து நாள் இருக்கையில் தங்கக் கம்பியைத் தெருவுக்குக் கூட்டிப் போனார். தபால்காரரைக் கண்டதும் அது குரைத்து ஊரைக் கூட்டியது. எதிரே வந்த ஹார்டுவேர் கடைக்காரரைப் பார்த்து சலூன்காரரின் காலுக்கிடையில் ஒளிந்துகொண்டது.

“நேத்து என் காலை நக்கினவன் இன்னிக்கு என்னை யாருன்னு கேக்கறானே!” என்றார் கடைக்காரர்.

சலூன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டிக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லாரும் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள். எழுந்து நடக்கும் ஜாதியை அது பார்த்ததே இல்லை. மண்டு, மண்டு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து முடி வெட்டிக்கொண்டவர்கள் துணியைக் குட்டி முன்னால் கழற்றி, கடைக்குள் மூன்று சுற்று நடக்க வேண்டியதாயிற்று. “நான் முடி வெட்ட வந்தேனா, வித்தை காட்ட வந்தேனா?” என்று முணுமுணுத்தபடியே ஹார்டுவேர் கடைக்காரரும் சுற்றினார். மாலையில் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே குட்டியோடு நிற்பார். முதலில் தூரத்தில், பிறகு நாளுக்குக் கொஞ்சம் கிட்டத்தில். ஒன்பதாம் நாள் ஒரு சிறுமியைக் கண்டு அதன் வால் தானாக ஆடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது கேட்டிருந்தால் கண்ணில் முடி விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

மகள் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. மற்ற சாமான்களோடு வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். பேரன் கீழே இறங்கியதுதான் தாமதம், வீல் என்று கத்திக்கொண்டு தத்தித் தத்தி ஓடி உருண்டையின் காதைப் பிடித்து இழுத்தான்.

சலூன்காரர் குட்டியைப் பிடிக்கக் குனிந்தார்.

உருண்டை காதை விடுவித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கியது. கொஞ்ச நேரம் பையனையே பார்த்தது. பிறகு மெல்ல வந்து அவன் வயிற்றில் தலையை முட்டி நின்றது.

மகள் வாசல்பக்கம் திரும்பி வண்டிக்காரருக்குக் குரல் கொடுத்தாள்:

“அண்ணே, எல்லாத்தையும் இறக்கிடுங்க.”