நான்கு மெஷின்கள் சொன்ன சாட்சி

மெர்வின் பிளேட்ஸ் ஒரு மெட்டல் டிடெக்டரை வாங்க வருகிறான் என்றால் விற்கிறவன் பாவம். பேட்டரி மூடியைத் திறந்து மூக்கை வைத்து மோந்து பார்ப்பான். ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவுவான். "எதுக்கு விக்கிற?" என்று கேட்பான். புதிது வாங்கிவிட்டேன் என்றால், "பழசுல என்ன கோளாறு?" என்பான். கோளாறு ஒன்றும் இல்லை என்றால், "அப்புறம் எதுக்குப் புதுசு?" என்பான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பா வெளியே வரும். அதற்குள் விக்டோரியா ராணி காலத்துச் செப்புக்காசு ஒன்று, வெள்ளி ஆறு பென்ஸ் நாணயம் ஒன்று, துப்பாக்கி ஈயக்குண்டு ஒன்று, துருப்பிடித்த ஆணி ஒன்று, பீர் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையங்கள் ஒரு பிடி. முதல் மூன்றுக்கும் மெஷின் கூவ வேண்டும். ஆணிக்கும் வளையத்துக்கும் மூச்சு விடக்கூடாது. இதுதான் அவன் வைக்கும் பரீட்சை.

லிங்கன்ஷையரில் எங்கள் ஸ்கார்த்விக் கிராமத்தில், வயல்களில் மெஷின் வைத்துப் பழங்காசு தேடுகிறவர்களின் சங்கத்தில் பதினேழு பேர். மாதத்தின் முதல் வியாழன் ஊர் மண்டபத்தில் கூடுவோம். ஒருவர் மெஷினை ஒருவர் மாற்றிக்கொள்வதும் அங்கேதான். இந்த ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் தபால் கொடுத்தவன் நான். இப்போது சங்கத்துக்குச் செயலாளர், தேநீர் போடுகிறவனும் நான்தான். மெர்வினுக்கும் எனக்கும் ஒரே வயது. வடிகால் பம்பு நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவன். தண்ணீர் எந்த நேரத்தில் கரையை உடைக்குமோ என்று பார்த்துப் பார்த்தே அவன் புத்தி அப்படி ஆகிவிட்டது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவன் பிறவியிலேயே அப்படித்தான்.

சந்தேகம் மெஷின்களோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவனுக்கு ஏவிஸ் மேல் சந்தேகம். ஏவிஸ் அவன் மனைவி.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், பாஸ்க் பண்ணையின் புல்வெளியில் கோடைத் திருவிழா நடந்தது. பெண்களுக்கான கயிறு இழுக்கும் போட்டியில் ஏவிஸ் கடைசி ஆளாக நின்று இழுத்தாள். ஜெயித்தாள். வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தால் கல்யாண மோதிரம் இல்லை. ஓக் மரத்துக்குப் பக்கத்தில், கயிற்றோடு போயிருக்க வேண்டும் என்றாள். சரி, கணவன் மெட்டல் டிடெக்டர்காரன், மறுநாளே எடுத்துவிடுவான் என்றுதான் ஊர் முழுக்க நினைத்தோம்.

மெர்வின் தேடினான். ஓக் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடினான். இல்லை. அந்த மெஷினைச் சந்தேகப்பட்டான். விற்றுவிட்டு இன்னும் நல்லதாக ஒன்று வாங்கித் தேடினான். இல்லை. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போனது. மோதிரம் மட்டும் இல்லை.

மெஷின்களைச் சந்தேகப்பட்டு முடித்ததும் ஏவிஸிடம் வந்தான். ஏவிஸ் செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மணிக்கூண்டில் மணி அடிக்கிறவள். ஆறு மணிகள், ஆளுக்கொரு கயிறு. கயிறு பிடிக்கும்போது உறுத்தும் என்று மோதிரத்தைக் கழற்றி வைப்பது அவர்கள் வழக்கம். மணி அடிக்கும் குழுவுக்குத் தலைவன் லயனல், கடிகாரம் பழுதுபார்க்கிறவன், மனைவியை இழந்தவன். இவ்வளவு போதாதா மெர்வினுக்கு?

"போட்டியன்னிக்குக் கையில மோதிரம் இருந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? செவ்வாக்கிழமை மணிக்கூண்டுல கழட்டினது. அங்கேயே எவன்கிட்டயோ தங்கிப்போச்சு," என்றான் என்னிடம்.

"வாய அலம்பு. ஏவிஸ் அப்படிப்பட்டவளா?" என்றேன்.

"நாலு மெஷின், செக்ரட்டரி. நாலு சாட்சி. நாலும் இல்லன்னு சொல்லுது. அவ ஒருத்திதான் இருக்குங்கிறா. நீ யார நம்புவ?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் ஒரு நெருடல் இருந்தது. எங்கள் கூட்டத்துக்கே அந்தப் புத்திதான். மெஷின் கூவாத இடத்தில் ஒன்றும் இல்லை என்பது எங்களுக்கு வேதம். பதினேழு பேரில் ஒருவராவது ஏவிஸ் பக்கம் பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் திரும்பி வந்ததும் மெர்வின் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "லயனல் சௌக்கியமா?" என்று கேட்பானாம். அது ஒன்றுதான் கேள்வி. ஒரு வருடம் கேட்டான். அடுத்த செவ்வாய் ஏவிஸ் கோட்டை மாட்டவில்லை. அதற்கப்புறம் மணிக்கூண்டுப் பக்கமே போகவில்லை. அதையும் மெர்வின் விடவில்லை. "பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு," என்றான்.

இந்த வருடம் அவன் ஐந்தாவது மெஷினுக்கு வந்தான். நான்காவதை ரசா கேட்டாள். லிதுவேனியாக்காரி, காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை, சங்கத்துக்குப் புதுசு. தன் சின்ன மெஷினையும் ஒரு நல்ல மண்வெட்டியையும் கொடுத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். மெர்வினுக்கு அதுவே ஆகவில்லை.

"ஏன் நீ பேரம் பேசல?"

"பேசணுங்களா?"

"பேசாதவங்க எதையோ மறைக்கிறாங்க."

"சரிங்க, அப்ப மண்வெட்டி கெடையாது," என்றாள் ரசா. மண்டபமே சிரித்தது. மெர்வினுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பேரம் மண்வெட்டியோடுதான் முடிந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பாஸ்க் பண்ணையில் தேடச் சங்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மெர்வின் வழக்கம்போல ஓக் மரத்துக்கு எதிர்த்திசையில் போனான். மரத்தடியில்தான் ஒன்றும் இல்லையே. ரசாவுக்கு இந்தக் கதையெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். நிழலாக இருக்கிறதே என்று மரத்தடிக்குப் போனாள்.

பதினொரு மணிக்குத் தேநீர். கிடைத்ததை என் காரின் முன்பக்கம் துணி விரித்து எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும், அது எங்கள் விதி. ரசா பையைக் கவிழ்த்தாள். பதினான்கு பீர் டின் வளையங்கள். யாரோ, "திருவிழா முடிஞ்சு கூட்டிப் பெருக்குறியா?" என்றான். பதினைந்தாவதாக ஒன்று உருண்டு வந்து கண்ணாடித் துடைப்பான் பக்கம் நின்றது. மஞ்சளாக இருந்தது.

நான் எடுத்துத் துடைத்தேன். உள்பக்கம் பொடி எழுத்தில், 'மெர்வின் – ஏவிஸ், ஜூன் 1984'.

பன்றி இறைச்சி ரொட்டியைக் கையில் வைத்தபடி மெர்வின் அதைப் படித்தான். வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா?

"இத யாரு உன்கிட்டக் குடுத்தா?"

"என்னது?" என்றாள் ரசா.

"ஏவிஸா? லயனலா? கொண்டுவந்து பொதைக்கச் சொன்னது யாரு?"

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. ரசா அசையவில்லை. "வாங்க, எடுத்த எடத்தக் காட்டறேன்," என்றாள்.

எல்லோரும் போனோம். அவள் மூடி வைத்திருந்த குழியை மெர்வின் தானே மண்டியிட்டுத் திறந்தான். புதைத்து வைத்த பொருள் என்றால் மண் பொலபொலவென்று இருக்கும், அது எங்களுக்கெல்லாம் தெரியும். இங்கே அவள் வெட்டி எடுத்துத் திரும்ப வைத்த மண் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது. ரசா பையிலிருந்து ஒரு வேர்த்துண்டை எடுத்தாள். "இது மோதிரத்துக்குள்ள நொழஞ்சு வளந்திருந்துச்சு. அறுத்துத்தான் எடுத்தேன்." வேரின் நடுவில் மோதிரம் அமுக்கிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

வேரை யாரும் சொல்லிக்கொடுத்து வளர்க்க முடியாது. மெர்வின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப என் மெஷினு? அதே மெஷின்தான் உன் கையில இருக்கு. நான் இந்த எடத்துல அத வெச்சு ஏழு தடவ நடந்திருக்கேன்."

"நீங்க அதுல வெச்சிருந்த செட்டிங்க எல்லாம் நான் அழிச்சிட்டேங்க. வேற ஒருத்தர் செருப்புல கால விட்ட மாதிரி இருந்துச்சு. வாங்கின அன்னிக்கே கடையில வர்ற மாதிரி மாத்திட்டேன். எல்லாத்துக்கும் கத்தும். எல்லாத்தையும் தோண்டுவேன். எனக்குப் புதுசுதான, எது குப்பைன்னு தெரியாது."

"மோதிரம் என்ன நம்பர்ல கத்துச்சு?" என்று நான் கேட்டேன். எங்கள் மெஷின்களின் திரையில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு எண் வரும்.

"அம்பத்தேழு."

"வளையம்?"

"அதுவும் அம்பத்தேழு, அம்பத்தெட்டு. பிரிக்கவே முடியல."

மெர்வின் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். எந்த மெஷினுக்கு என்ன வைத்தான் என்று எழுதி வைக்கும் நோட்டு. நான் எட்டிப் பார்த்தேன். நான்காவது மெஷினின் பக்கத்தில், சிவப்பு மையில்: '50 முதல் 65 வரை மூடு'.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்பது வருடத் திருவிழாவில் அந்தப் புல்வெளி முழுக்க பீர் டின் வளையம். சங்கத்தில் சேர்ந்த முதல் வருடம், மெர்வின் இரண்டு நாள் முட்டி தேயத் தோண்டி இருநூற்றுச் சொச்சம் வளையம் எடுத்துவிட்டு, இனி ஒரு வளையம்கூடத் தோண்ட மாட்டேன் என்று சபதம் செய்தான். அன்றிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் முதல் வேலையாக டப்பாவிலிருந்து அந்த ஒரு பிடி வளையத்தை அதன் முன் ஆட்டுவான். எந்த எண்கள் வருகின்றனவோ அவற்றையெல்லாம் ஊமையாக்குவான். நான்கு சாட்சிகளுக்கும் வாயைக் கட்டியது அவனேதான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாங்களெல்லாம் மோதிரத்தைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டு வருவோம். இல்லையென்றால் கை கிட்டப் போனாலே மெஷின் அலறும். மெர்வினின் கல்யாண மோதிரமும் தங்கம்தான், அது விரலை விட்டு வராது. "என் மெஷின் அடக்கமானது, கைய நீட்டினாலும் சத்தம் போடாது," என்று பெருமையடிப்பான். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறோம். ஒன்பது வருடம்!

"மெர்வின், அந்தப் புது மெஷினுக்கும் இதே மாதிரிதானே வெச்சிருக்க? ஒரு தடவ ஆட்டிப் பாரு," என்றேன்.

ஏவிஸின் மோதிரத்தைப் புல்லின் மேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு பென்னிக் காசை வைத்தேன். மெர்வின் மெஷினைப் பென்னியின் மேல் ஆட்டினான், கணீரென்று கூவியது. மோதிரத்தின் மேல் ஆட்டினான். ஒன்றும் இல்லை. மறுபடி ஆட்டினான். தாழ்த்தி ஆட்டினான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஆட்டினான். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம்.

"யாராச்சும் ஏதாச்சும் சொல்லுங்கய்யா," என்றான்.

வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டான். "தனியாப் போனா நான் வேற எதையாச்சும் ஒளறிடுவேன்," என்றான். அதில் மட்டும் அவன் கணக்கு சரி.

ஏவிஸ் சமையலறையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். மெர்வின் மோதிரத்தை மேசைமேல் வைத்தான். அவள் கையைத் துடைத்தாள், மோதிரத்தைத் தொடவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"ஓக் மரத்துக்கிட்ட."

"நான் எங்கன்னு சொன்னேன்?"

"ஓக் மரத்துக்கிட்டன்னு."

"யாரு எடுத்தா?"

"ரசா. அந்த லிதுவேனியாப் பொண்ணு."

"எவ்வளவு நேரம் தேடினா?"

"ஒரு மணி நேரம்." தொண்டையைச் செருமினான். "ஏவிஸ், மெஷின்ல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. இந்த வளையத்தோட நம்பரும் தங்கத்தோட நம்பரும்..."

"மெஷின இழுக்காத," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீ எதக் கேக்க வேணாம்னு சொன்னியோ அத அது கேக்கல. அவ்வளவுதான். இப்பவும் நீ என்ன நம்பல மெர்வின். ரசாவ நம்பற. வேர நம்பற. நான் சொன்னேன்னு ஒரு நாளாச்சும் நம்பினியா?"

ஏவிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"நீயுந்தான். தெனம் என் வாசலுக்குத் தபால் கொண்டுவந்த."

அவள் ஆப்பிளை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஏவிஸ் கோட்டை மாட்டினாளாம். மோதிரம் மேசையில் ஒரு சாஸரில் அப்படியே கிடந்தது. போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டிருக்கிறான். "கயிறு பிடிக்கணும், உறுத்தும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஏழரைக்கு நான் அந்த வழியாக வந்தபோது மெர்வின் வெளிக்கேட்டில் நின்றிருந்தான். மணிகள் அடிக்கத் தொடங்கியிருந்தன.

"லயனலப் பத்திக் கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்," என்றான்.

"நல்ல வேள."

மண்ணுக்கடியில் கிடப்பது ஆறு பென்ஸா அரைப் பென்னியா என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் அவன். எங்கள் சங்கத்தில் காது விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தலையைச் சாய்த்து அந்த ஆறு மணிகளையும் சுற்றுச் சுற்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"செக்ரட்டரி, அவ அஞ்சு வருசத்துக்கு முன்னாடி விட்டா. அதுக்கு முன்னாடி இருவது வருசம் அடிச்சா. இதுல எது அவ மணி?"

எனக்கும் தெரியவில்லை.