கண்மாய் நிறையட்டும், வாரேன்

1. சிரித்த ஊர்

பிரச்சாரத்தின் முதல் நாளே ஒரு ஊர் என் வண்டியை நிற்கவிடவில்லை. யாரும் மறிக்கவில்லை, கல்லெறியவில்லை. சிரித்தார்கள். அவ்வளவுதான்.

செல்வி, முருகா, அப்பா எட்டாங்கிளாஸ். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நான் எத்தனை வருசமாகக் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மற்ற நாளில் கரி மூட்டை, செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எந்த லோடு கிடைத்தாலும் ஏற்றுவேன். தேர்தல் வந்தால் பின்னால் ரெண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பேட்டரி. எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போயிருக்கிறேன். இந்தத் தடவை மட்டும் மற்றவர்கள் கூப்பிட்டும் போகவில்லை. நம்ம எம்.பி. அம்மா ரெண்டாவது தடவை நிற்கிறாக, அவுகளுக்குத்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. டவுனில் ஒருத்தர் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனார். அந்தக் குடும்பத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது என் வண்டிதான். 'தவறி விழுந்து இறந்தார்' என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எம்.பி. அம்மா காலையில் வந்தவுக பிணவறை வாசலில் நின்றாக. "விழலைங்க, இறக்கிவிட்டிருக்காங்க. அந்த வார்த்தையை மாத்துங்க" என்றாக. சாயங்காலம் அந்த வார்த்தை மாறுகிற வரைக்கும் உட்காரவில்லை. டெல்லியிலும் அதையே பேசினாக. ஒரு வார்த்தைக்காக ஒரு பகல் பூரா நின்ற ஆளை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

போன தேர்தலில் என் வண்டியில் மைக் பிடித்த பரமசிவம் இப்போது வேற கொடி பிடிக்கிறார். அதனால் ஓட்டுவதும் நான், பேசுவதும் நான். வீட்டிலும் அப்படித்தான். செல்வியின் பேறுகாலத்துக்கு உங்கம்மா திருப்பூருக்கு வந்துவிட்டாள். முருகன் ஓசூரில். காலையில் பாளையம்பட்டியில் வண்டியை எடுக்கும்போது "பாத்துப் போங்க" என்று சொல்ல ஆளில்லை. நாள் பூராவும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவனிடம் ஒருத்தரும் பேசுவதில்லை. மைக் வண்டித் தொழிலில் இது ஒரு வேடிக்கை.

இந்தத் தொழிலுக்குச் சில ஒழுங்கு உண்டு. பர்மிஷன் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். ஊருக்குள் முதல் கியர்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வந்தால் சத்தத்தை நிறுத்த வேண்டும். சாவு வீடு என்றால் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்த் துக்கம் கேட்டுவிட்டுத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். இதையெல்லாம் நான் ஒருநாளும் தப்பவிட்டதில்லை. தப்பவிட்டது வேறு ஒன்று.

திருச்சுழி ரோட்டிலிருந்து கருவேலங்காட்டுக்குள் பிரிகிற ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், கண்மாய்க்கரை ஊர் என்று வைத்துக்கொள்வோம். பென்டிரைவைச் செருகி, "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று ஆரம்பித்ததும் பஸ் ஸ்டாப்பில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

"ஏலே, கண்மாய் நிறைஞ்சிருச்சா?"

"நிறைஞ்சு வழிஞ்சு மறுகால் போகுதுடா. எம்.பி. வாராக, வழிய விடு!"

கண்மாயில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. தெருவுக்குள் வண்டி போகப் போகச் சிரிப்பும் கூடவே வந்தது. ஒரு வீட்டு வாசலில் பாக்கியம் நின்றாள். நூறுநாள் வேலைக்குப் போகிற பொம்பளை. போன தேர்தலில் எம்.பி. அம்மா அவள் வீட்டில்தான் தண்ணீர் குடித்தாக. அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

2. நான் இறக்காத லோடு

போன தேர்தலில் நடந்ததைச் சொல்கிறேன். எம்.பி. அம்மா தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, "வாரேம்மா" என்றாக. நம்ம பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. அந்த 'வாரேன்'க்கு 'சரி' என்பதுதான் பதில். ஆனால் பாக்கியம், "எப்ப?" என்று கேட்டுவிட்டாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எம்.பி. அம்மாவும் சிரித்துவிட்டு, காய்ந்து கிடந்த கண்மாயைப் பார்த்து, "கண்மாய் நிறையட்டும், வாரேன்" என்றாக.

"நிறைஞ்சா யாருகிட்டச் சொல்ல?"

அவுக என்னைக் காட்டினாக. "டிரைவர் அண்ணே இருக்காகள்ல, இவுககிட்டச் சொல்லுங்க. எனக்கு வந்துரும்." பாக்கியம் என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

வானம் பார்த்த பூமி. அந்தக் கண்மாய் எப்போது நிறையப் போகிறது என்று நான் நினைத்தேன். ரெண்டு வருசம் கழித்து ஒரு ஐப்பசியில் நிறைந்துவிட்டது.

பாக்கியம் போன் பண்ணினாள். கத்துகிறாள், அவ்வளவு சந்தோசம். "அண்ணே, கண்மாய் நிறைஞ்சிருச்சுண்ணே! அயிரை வேற விழுகுது. அயிரக் கொழம்பு வச்சுத் தாரேன்னு அவுககிட்டச் சொல்லுங்க. ஊர் பூராவும் சொல்லிட்டேன், வாராகன்னு."

நான் அப்போது காரியாபட்டியில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தேன். எம்.பி. அம்மா டெல்லியில் இருந்தாக. அங்கே எத்தனையோ பெரிய காரியம் நடக்கும்போது, ஒரு டிரைவர் போன் போட்டு அயிரை மீனைப் பற்றிச் சொல்வதா என்று கூச்சம். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். நாளைக்கும் விட்டேன். ஒரு வாரம் கழித்து பாக்கியம் மறுபடி கூப்பிட்டாள்.

"சொல்லிட்டீகளாண்ணே?"

"சொல்லிட்டேன் தங்கச்சி."

அது பொய். நான் வேறு யாருக்கும் பெரிசாகக் கெடுதல் செய்தவன் இல்லை. அந்த ஒரு பொய்யால் ஒரு பொம்பளை தன் ஊரில் மூணு வருசம் கேலிப்பேச்சு வாங்கியிருக்கிறாள். வார்த்தைக்காக நின்றவுக வார்த்தை தவறினவுக ஆகிவிட்டாக. இது என் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

3. மூணு நிமிசம்

தேர்தல் ஆபீஸில் வேட்பாளருக்கு டூர் போடுகிற அண்ணாச்சியிடம் போனேன். அவர் முன்னால் மூணு போன், ஒரு மேப்பு, ஆறிப்போன டீ.

"அந்தக் கண்மாய்க்கரை ஊருக்கு அம்மா ஒரு தடவை போகணும் அண்ணாச்சி."

"எத்தனை ஓட்டு?"

"முன்னூத்திச் சொச்சம்."

"மெயின் ரோட்டுல இருந்து எம்புட்டு உள்ள?"

"நாலு கிலோமீட்டர்."

"பிரச்சார வேன் திரும்ப எடமிருக்கா?"

"ரிவர்ஸ்லதான் வரணும்."

"அப்ப உங்க குட்டியானை போதும்யா. நல்லாப் பேசுறீக, நீங்களே பேசுங்க. இழுபறியான தொகுதி. ஒவ்வொரு ஊருக்கும் மூணு நிமிசம் ஒதுக்கவே நான் முழி பிதுங்கிக் கிடக்கேன்."

ஏன் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அடுத்த பத்து நாளும் அந்த ஊருக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்தேன். மத்தியானம் ரோட்டோரப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தனியாகச் சோறு தின்பேன். ஸ்பீக்கரில் என் குரலே ஓடிக்கொண்டிருக்கும்: "சொன்னதைச் செய்தவர், சொல்லாததையும் செய்தவர்." ஒரு நாள் அதைக் கேட்க முடியாமல் பென்டிரைவைப் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

4. மைக்கில் சொன்னது

பிரச்சாரம் முடிவதற்கு முந்தின நாள், உச்சி வெயிலில் அந்த ஊருக்குள் போனேன். தெருவில் ஒரு ஈ, காக்கா இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எனக்கும் அதுதான் வசதியாகப் பட்டது. மைக்கைக் கையில் எடுத்தேன்.

"ஊர்ப் பெரியவுகளுக்கும் தாய்மாருக்கும் டிரைவர் வணக்கம். கண்மாய் நிறைஞ்சப்ப பாக்கியம் எனக்குப் போன் பண்ணுச்சு. எம்.பி. அம்மாகிட்டச் சொல்லச் சொல்லுச்சு. நான் சொல்லலை. சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். அவுகளுக்கு இன்னைக்கு வரைக்கும் விசயம் தெரியாது. தப்பு அவுகளோடது இல்லை, பாக்கியத்தோடதும் இல்லை. என்னோடது. ஓட்டு உங்க இஷ்டம். பாக்கியத்தை மட்டும் இனிமே கேலி பண்ணாதீக."

கூம்பு ரெண்டும் அதை வாங்கிக் கண்மாய் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. தேர்தல் பறக்கும் படையில் வீடியோ எடுக்கிற தம்பி ஒருத்தர் மட்டும் எனக்குப் பின்னால் கேமராவோடு நின்றார். எப்போது வந்தார் என்றே தெரியாது.

"அண்ணே, இது பிரச்சாரமா, என்னதுண்ணே? ரிப்போர்ட்டுல எதுன்னு எழுத?"

"வாகனம் நின்றதுன்னு எழுதிக்கோங்க தம்பி."

அவர் போன பிறகுதான் பாக்கியம் வந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள்.

"ஏண்ணே, ஒரு போனு. அம்புட்டுத்தான. அதுல பொய் சொல்ல என்ன இருக்கு?"

நான் மைக் வயரைச் சுருட்டினேன். அவள் விடவில்லை.

"வாரேன்னு எல்லாரும்தான் சொல்லுவாக. அதையெல்லாமா நாங்க மனசுல வைக்கிறோம்? நான் கேட்டேன், அவுக பதில் சொன்னாகளே, அதனாலதான் நம்புனேன். சட்டியக் கழுவி வச்சுட்டு ஒக்காந்திருந்தேன்ணே. மீனு செத்துப் போச்சு. எம் மாமியா இன்னைக்கு வரைக்கும் மீன் வாங்குனாக் கேக்குது, 'எம்.பி.க்கா?'ன்னு."

"தப்புத்தான் தங்கச்சி."

"ஊருக்குச் சொல்லிட்டீக. சரி. அவுககிட்டச் சொன்னீகளா?"

5. ரோட்டோரம்

மறுநாள் சாயங்காலத்தோடு மைக்கை நிறுத்த வேண்டும். கடைசி ரவுண்டில் எம்.பி. அம்மா வேன் திருச்சுழி ரோட்டில் வந்தது. அந்த ஊர் விலக்கில் என் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கையைக் காட்டினேன். நின்றது. அவுகளுக்குத் தொண்டை கட்டிப்போய் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். டூர் அண்ணாச்சி பின் சீட்டிலிருந்து, "யோவ், இப்பவாய்யா?" என்றார்.

எம்.பி. அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கொஞ்ச நேரம் அந்த விலக்கையே பார்த்தாக.

"நானே அந்தக் கண்மாயை மறந்துட்டேன் அண்ணே. நெறயாதுன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொன்னேன்னு நெனைக்கிறேன். உங்க பொய்யி பின்னாடி வந்தது. எம்பொய்யி முந்தி."

பிறகு வாட்சைப் பார்த்தாக. நேரம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "அவுககிட்டச் சொல்லுங்க, கண்டிப்பா வாரே—"

"அம்மா, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்மா."

நிறுத்திக்கொண்டாக. "ஓட்டு எண்ணி முடிச்ச அடுத்த ஞாயித்துக்கிழமை. காலைல. ஜெயிச்சாலும் தோத்தாலும். உங்க வண்டில." வேன் போய்விட்டது. போய்ச் சொன்னேன். பாக்கியம் நாள் கணக்குக்குச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

6. ஞாயிற்றுக்கிழமை

எம்.பி. அம்மா ஜெயித்தாக. கண்மாய்க்கரை ஊர் பூத்தில் மட்டும் ரெண்டாவது இடம். அதை நான் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவுகளே போன் பண்ணினாக. "அண்ணே, டெல்லிக்கு உடனே வரச் சொல்லிட்டாங்க. நாளைக்கு முடியாது. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு. சொல்லிருவீங்களா?" அவுக குரலில் சங்கடம் இருந்தது. போனிலேயே பாக்கியத்துக்குச் சொல்லியிருக்கலாம். ஞாயிறு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பீக்கரைக் கழற்றிய வண்டியோடு அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

பாக்கியம் வாசல் தெளித்து வைத்திருந்தாள். முன் சீட்டில் வேறு ஆள் இல்லாத வண்டியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வரலை தங்கச்சி. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு."

சுவரில் இருந்த கரிக்கோட்டை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "வாரதைச் சொல்ல நூறு பேரு வருவாக. வராததைச் சொல்ல வண்டி போட்டு வந்த ஆளு நீங்கதாண்ணே. ஒக்காருங்க, காப்பி குடிங்க."

குடித்துவிட்டு எழுந்தேன். வாயில் வார்த்தை வந்து நின்றுவிட்டது. போறேன் என்று சொல்லக் கூடாது. வாரேன் என்று சொல்லப் பயம்.

"சொல்லிட்டுக் கெளம்புங்கண்ணே" என்றாள்.

"வாரேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை. உங்க ஊருல கரி லோடு ஒண்ணு இருக்கு."

வியாழக்கிழமை போனேன். சொன்ன ரெண்டாவது ஞாயிறு எம்.பி. அம்மாவும் வந்தாக, என் வண்டியின் முன் சீட்டில். கண்மாய் காய்ந்து கிடந்தது. பாக்கியம் அயிரைக்கு எங்கே போவாள்? கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவள் மாமியார் வாசலில் உட்கார்ந்து, சாப்பிடுகிற அவுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வேலையில் நான் படித்தது இதுதான். ஒருத்தர் சொல்லச் சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லிவிட வேண்டும். அது சின்னதா பெரிசா என்று நாம் எடை போடக் கூடாது. ஏற்றின லோடை இறக்காமல் வீட்டுக்கு வரக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. போனை வைக்கும்போது நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறீர்கள்: "சரிப்பா, வாரோம்." நானும் சரி என்று வைத்துவிடுவேன். பிள்ளை சிறுசு, லீவு கிடைக்காது, கேட்டால் உங்களுக்குச் சங்கடம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது இல்லை. பதிலைக் கேட்கப் பயம். பாக்கியத்துக்கு அந்தப் பயம் இல்லை.

இனிமேல் நானும் கேட்பேன். வர முடியாது என்றாலும் அதைச் சொல்லுங்கள், அப்பா தாங்கிக்கொள்வேன்.

எப்ப?