கிளெண்டா நேராக்கிய நட்சத்திரங்கள்

கிளெண்டா ஹார்ட்விக்கின் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பதும், எங்கள் வீட்டு நாயை இறைச்சிக்குக் காவல் வைப்பதும் ஒன்றுதான். தெரிந்தேதான் வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில், போர்ட் பிரி என்ற ஊரில், எங்கள் பாலர் பள்ளியில் நானும் அவளும் ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். நாலு வயசுப் பிள்ளைகள், குட்டி நாற்காலிகள், எந்நேரமும் கையில் ஒட்டுகிற பசை. இதற்கு நடுவில் இவள் ஒருத்தி.

இங்கே வருவதற்கு முன்னால் அவள் திரைச்சீலை தைக்கிற கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வெட்டு கோணினால் துணி முழுக்கப் பாழ், முதலாளியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கடையை மூடியதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். கடை போனதே தவிர அந்தக் கை போகவில்லை. அவள் புருஷன் கெவ் புல்வெளியை வெட்டி முடித்ததும், இவள் முட்டி போட்டு உட்கார்ந்து ஓரத்தைக் கத்தரிக்கோலால் சரி பண்ணுவாள். தெருவே பார்த்துச் சிரிக்கும். அவளுக்கு என்ன கவலை.

நல்லவள்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தாய் வந்து சேரும்வரை மடியை விட்டு இறக்க மாட்டாள். கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போடலாம்.

பண்டிகை வந்துவிட்டால் எங்கள் அறையில் வெட்டுவதும் ஜோடி சேர்ப்பதும்தான் வேலை. ஈஸ்டருக்கு, முயல் மாதிரி நீளக் காது வைத்த எங்கள் நாட்டுப் பிராணி பில்பி, தாய்க்கு ஏற்ற குட்டி; அன்னையர் தினத்துக்குக் கப்புக்கு ஏற்ற சாசர். பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு வெட்டுவார்கள். பில்பிக்கு ஒரு காது போய்விடும், கப்பின் பிடி காணாமல் போகும். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் கிளெண்டா உட்கார்ந்து காது ஒட்டுவாள், பிடி வைப்பாள், ஓரமெல்லாம் சீராக்குவாள். மறுநாள் தாய்மார்கள் வந்து, எங்க பிள்ளைக்கு என்ன கைன்னு பாத்தீங்களா என்று பூரித்துப் போவார்கள். ஊரில் பாதி வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டியிருப்பது கிளெண்டாவின் கைவேலை.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போயிற்று.

"அம்மா தாயே, அதுங்க வெட்டினதை அப்படியே விடேன்."

"ஒரு நூலிழைதான் எடுத்தேன். இப்படிப் பிசிறா அனுப்பினா வீட்ல என்ன நினைப்பாங்க?"

"பிள்ளைக்கு நாலு வயசுன்னு நினைப்பாங்க. வேற என்ன நினைப்பாங்க?"

தலையாட்டுவாள். மறுநாள் பழையபடி ஆரம்பித்துவிடுவாள்.

அதனால்தான் போன கிறிஸ்துமஸுக்கு, இவளால் கை வைக்கவே முடியாத ஒன்றை யோசித்தேன். அப்படித்தான் நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. தங்க நிற அட்டையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நட்சத்திரம். பெயர் எழுதக் கூடாது, வர்ணம் பூசக் கூடாது. பிள்ளை அதை நடுவில் இஷ்டப்படி இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி வீட்டுக்குப் போகும். மற்றப் பாதியை விழா அன்று கூடத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவோம். வீட்டார் தங்கள் பாதியைக் கொண்டுவந்து, எதோடு பொருந்துகிறது என்று பார்த்துப் பிள்ளையின் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிள்ளை கோணியது போல இன்னொரு பிள்ளை கோணாது, அதுதான் அடையாளம். கிளெண்டாவை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். பிரமாதம் என்றாள்.

இந்த விளையாட்டை எங்கள் அறைப் பிள்ளை டெஸ்ஸா பிடித்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா ஜெராட்டுக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை. விமானத்தில் போவார், முறை முடிந்தால் வருவார், அலுப்புத் தீர்வதற்குள் திரும்பக் கிளம்புவார். பிறந்தநாளுக்கும் இல்லை, தந்தையர் தினக் காலை விருந்துக்கும் இல்லை. அன்று மற்ற அப்பாக்கள் முட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. போனில் அவர் கூப்பிட்டாலும் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லிக் கண் கலங்கினாள். வருஷம் முழுக்கக் கத்தரிக்கோலைத் தொடாத பிள்ளை வேறு. நட்சத்திரத்தைக் கையில் கொடுத்து, இது அப்பாவுக்கு என்றேன். எடுத்தாள். வெட்டினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி வெட்டினாள். நத்தை ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கோடு. அந்தப் பாதியை அவரே ஊரிலிருந்து போகும்போது வாங்கிக்கொண்டு போய், சுரங்கத்து அறையில் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாராம். விழாவுக்குக் கட்டாயம் வருவேன் என்றும் சொல்லியிருந்தார்.

டெஸ்ஸா சிரித்துக்கொண்டு திரிந்தாள். அப்பாவுக்கு என்னோடது எதுன்னு பாத்தாலே தெரிஞ்சிரும் என்று மீன் தொட்டிக்கு எதிரே நின்று மீனுக்கெல்லாம்கூடச் சொன்னாள்.

விழா அன்று அனல் காற்று. நான் இறைச்சியும் ரொட்டியும் வாங்கக் கடைக்குப் போனேன். மரத்தில் நட்சத்திரம் கட்டுகிற வேலையைக் கிளெண்டாவிடம் விட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மரம் ஜொலிக்கிறது. அத்தனை பாதியும் கத்தியால் சீவிய வெண்ணெய் மாதிரி நேராகத் தொங்குகிறது.

என்னடி பண்ணி வச்சிருக்க என்று கேட்டேன்.

"ஜோடி சேரணும்னா ஓரம் நேரா இருந்தாத்தானே சேரும்?" என்றாள், முகமெல்லாம் சந்தோஷமாக.

வீட்டுக்குப் போன பாதியெல்லாம் கோணல்தானே, அது எப்படி இதோடு சேரும் என்று கேட்டேன். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வெட்டிய துண்டுகள் எங்கே என்றேன். குப்பை மக்க வைக்கிற மண்புழுத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டாளாம். ஓடிப்போய்ப் பார்த்தேன், கூழ். அதற்குள் வாசலில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டன.

பெரும்பாலான வீட்டார் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு மூன்றை வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை, சிரித்தார்கள், கைக்கு வந்ததை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு இறைச்சி சுடுகிற அடுப்புப் பக்கம் போனார்கள். பிள்ளைகளும் ஐஸ் குச்சி கிடைத்ததும் மறந்துவிட்டன.

ஜெராட் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தார். காலில் சுரங்கத்துப் பூட்ஸ், செம்மண் அப்படியே இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து பாதியை எடுத்தார். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். டெஸ்ஸா பக்கத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று சபதமாம். அவர் மரத்தைச் சுற்றி முடித்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கழுத்தெல்லாம் வியர்வை. பிள்ளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

அதற்குள் டெஸ்ஸா மரத்தை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். எல்லாம் நேர். அப்பா கையைப் பார்த்தாள். அது ஒன்றுதான் கோணல். அதை அவர் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டு கிளெண்டாவிடம் நடந்து போனாள்.

"நான் கோணலா வெட்டிட்டேன், கிளெண்டா. அதான் அப்பாவுக்குத் தெரியல. இதையும் நேராக்கிக் குடுங்க."

கிளெண்டா அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"நீ வெட்டினது சரியா இருந்துச்சு, தங்கம். உங்க அப்பா பாத்தவுடனே கண்டுபிடிச்சிருப்பாரு. நான்தான் அதை வெட்டிக் கெடுத்துட்டேன்."

ஜெராட் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். வெட்டாத நட்சத்திரம் ஒன்று பெட்டியில் மிச்சம் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அதைக் கொண்டுவந்து டெஸ்ஸாவின் கையில் கொடுத்துவிட்டு, ஜெராட்டை வாசலுக்குப் போகச் சொன்னேன்.

டெஸ்ஸா வெட்டினாள். பாதி தூரம் போனதும் அட்டை மடங்கிக் கத்தரிக்கோல் சிக்கிக்கொண்டது. கிளெண்டாவின் கை தன்னால் நீண்டது. நான் பார்த்த பார்வையில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை இழுத்தாள், பிய்த்தாள், ஒரு வழியாக அறுத்தெடுத்தாள். போன தடவையைவிட மோசம். சரியா இருக்கா என்று கிளெண்டாவிடம்தான் கேட்டாள்.

கிளெண்டா குனிந்து பார்த்தாள்.

"இல்ல. ரொம்பக் கோணலா இருக்கு. அப்படியே கொண்டுபோய் மாட்டு."

டெஸ்ஸா ஒரு பாதியைத் தானே மரத்தில் மாட்டினாள், மற்றதை வாசலில் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெராட் உள்ளே வந்தார். அத்தனை நேர் வெட்டுக்கு நடுவில் அது ஒன்றுதான் கிழிந்து தொங்கியது. போய் நின்றார், வைத்தார், பொருந்தியது. பிள்ளை அவர் பூட்ஸில் ஏறி, முழங்காலில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டார்.

கிளெண்டாவைக் காணோம். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் சமையலறைக்குப் போனேன். கண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டச் சொட்ட, யாரோ கோணலாக அறுத்துவிட்டுப் போன கேக்கை நேராக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைப் பிடுங்கித் தொட்டியில் போட்டேன். அப்புறம் எனக்கும் அழுகை வந்துவிட்டது.