முதல் ஸ்வரம் ஹார்னுக்கு

வரப்போகும் சீசனின் நிகழ்ச்சி நிரல் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டிருந்தேன். மற்றவர்களெல்லாம் கைதட்டும் பொம்மை, நெருப்புப் பொம்மை என்று போட்டுத் தள்ளினார்கள். நான் போனைப் பைக்குள் திணித்தேன். முதல் கச்சேரியில் முதலில் வாசிக்கப்போவது ஒரு சிம்பொனி. அது தொடங்குவதே ஹார்னில்தான். அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு பிரெஞ்சு ஹார்ன், அந்தச் சுருண்ட பித்தளைக் குழல், மெல்ல ஊதித் தொடங்க வேண்டும். அந்த ஹார்ன் நான்.

ஹார்னைப் போல நம்பவைத்துக் கழுத்தறுக்கும் வாத்தியம் வேறில்லை. உதடு மயிரிழை பிசகினால் பக்கத்து ஸ்வரத்துக்கு வழுக்கிவிடும். போன சீசனில் எனக்கு அப்படி ஒரு ஸ்வரம் உடைந்தது, தண்ணீர் வராத குழாய் காற்றைத் துப்புவதுபோல. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வாசித்தவருக்குக் காலைத் தரையில் லேசாகத் தேய்த்துப் பாராட்டுவோம். தப்பு செய்தவரைத் திரும்பிப் பார்க்க மாட்டோம். அன்று ஒருவர்கூடத் திரும்பவில்லை. முன்வரிசைப் பிடரிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொரு முறை உடைந்தால் முதல் ஹார்ன் நாற்காலி போய்விடும். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அந்த நாற்காலியை விட்டால் நான் யார் என்று கேட்டால் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. பக்கத்தில் இரண்டாம் ஹார்ன் வாசிப்பவர் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். சர்ச் பேண்டில் ஊதிப் பழகியவர், என்னைவிட இளையவர். அருமையாக வாசிப்பார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு ஆகாது.

முடிச்சூர் வீட்டில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு அந்த முதல் வரியையே ஊதிக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். வீட்டில் எப்போதும் நன்றாகத்தான் வரும்.

சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் முதல் ஒத்திகை. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாத்தியத்தை உதட்டில் வைத்தேன். சற்றுப் பின்னால் சேர வேண்டியவர் என்பதால் பக்கத்தில் இரண்டாம் ஹார்ன்காரரும் வைத்துக்கொண்டார். கண்டக்டர் கோலை உயர்த்தினார். மூச்சை இழுத்தேன். கோல் இறங்கியது.

ஸ்வரம் வந்தது. சுத்தமாக, பிசிறில்லாமல் வந்தது. அப்பாடா என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, இழுத்த மூச்சு இன்னும் என் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. நான் ஊதவே இல்லை.

ஊதியவர் பக்கத்தில் இருந்தவர். ஹார்ன் பிடித்த எல்லோருக்கும் மனப்பாடமான இடம் அது. கடைசி வரிசையில் இரண்டு பேர் ஹார்னைத் தூக்கி வைத்திருந்தால் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. கண்டக்டர் நிறுத்தி, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். "பிரமாதம் சார்! கச்சேரியிலயும் அப்படியே வேணும்."

ஹால் முழுக்கக் கால்கள் தரையைத் தேய்த்தன. எனக்காகத் தேய்த்தன. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவைத்தேன்.

டீ இடைவேளையில் அவர் ஹாலுக்கு வெளியே நின்று ஹார்னில் தேங்கிய தண்ணீரை உதறிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் அவரே பேசினார்.

"இன்னாண்ணா, கோல் எறங்கியும் நீ மூச்சே வுடல. அதான் ஊதிட்டேன்."

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா."

"இன்னிக்கு மட்டும்தாண்ணா. கச்சேரி அன்னிக்கு நான் ஹார்ன மடில வெச்சிகினு குந்திகினு இருப்பேன்."

சரி என்றேன். சொன்னது எனக்கே கேட்கவில்லை.