நாத்தனாரின் நாற்பது வரிகள்

அவள் தொழில் பல் செட் செய்வது. வார்த்து, செதுக்கி, தட்டில் வரிசையாக அடுக்குவாள். பகல் முழுக்க வாயில்லாத புன்னகைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலையில் மயிரிழை பிசகினாலும் விடமாட்டாள். வீட்டில் எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்பது இன்றுவரை தெரியாது.

மதிய இடைவேளையில் இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. பட்டியல் போடுவதற்கென்று அவளே எழுதி, இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருள். அதை வைத்திருக்கும் இருநூறு பேரும் வெகுநாளாகக் கேட்டது ஒன்றுதான்: பட்டியலை அப்படியே விக்கிப் பக்கமாக மாற்றித் தர வேண்டும். அதைச் செய்யும் நிரல் துண்டுகள், பேட்ச் என்பார்கள், இப்போது இரண்டு வந்திருந்தன. ஒன்றைத்தான் சேர்க்கலாம்.

‘நத்தை’ என்ற பெயரில் யாரோ அனுப்பியது முந்நூறு வரி. பத்தாவது வரியிலேயே கொட்டாவி வரும். நாத்தனார் அனுப்பியது நாற்பதே வரி. பிள்ளைகளுக்காக ஒன்பது வருஷம் வேலையை விட்டிருந்தவள். தன் பெயரில் ஏதாவது வெளியே தெரிந்தால்தான் திங்கட்கிழமை நேர்காணலில் வாயைத் திறக்க முடியும்.

“அண்ணி, படிச்சீங்களா?” என்றாள் போனில்.

“படிச்சேன். ரொம்ப அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

“உங்களுக்கு அழகுன்னா ஆகாது. எங்கண்ணனைக் கட்டிக்கிட்டப்பவே தெரியும்.”

பல் செட் செய்யும் ஒன்பது படிகளை, படிக்கொரு குறிப்போடு, இரண்டிலும் போட்டுப் பார்த்தாள். நத்தையில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒழுங்காக வந்தது. நாத்தனாருடையதில், நடுவே குறிப்பு வந்தவுடன் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அச்செடுப்பது முதல் படி. வார்ப்பது முதல் படி. மெருகு போடுவதும் முதல் படியே.

ஜன்னல் வெயிலில் பிளாஸ்டர் தூள் இறங்க மனமில்லாமல் மிதந்தது. எல்லாமே தொடக்கம், யாரும் பின்னால் நிற்காத வரிசை. கால் மணி நேரம் அதற்குள்ளேயே இருந்தாள். பிறகுதான், மெருகு போட்டுவிட்டு அச்செடுக்கக் கிளம்பும் பல்லை யார் வாயில் வைப்பது என்று தோன்றியது. திருத்தச் சொல்லலாம்; திருத்தினால் அதுவும் முந்நூறு வரியாகிவிடும். நத்தை ஏன் நத்தையானது என்று புரிந்தது.

இதை அவர் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று இரவு வீட்டில் கணவரிடம் கேட்டாள். “நான் வெளியூர்ல இருக்கேன்னு வச்சுக்கோ,” என்றார், சோபாவில் காலை நீட்டியபடி.

மறுநாள் காலை நாத்தனாருக்குத் தானே போன் செய்தாள். “பல் செட்டோட ஒம்பது படியைப் போட்டேன். எண்ணெல்லாம் ஒண்ணாவே வருதும்மா.”

“ஒம்பதுமா?”

“ஒம்பதும். நத்தையைத்தான் எடுக்கப்போறேன்.”

நாத்தனார் சிரித்தாள், அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. “அப்போ திங்கக்கிழமை நான் எதைக் காட்டுறது?”

“சேர்க்கிறதுக்கு முன்னாடி யாராவது அதை வரிவரியாப் பார்த்துக் குறை சொல்லணும். பார்த்தவங்க பேரும் வெளியே தெரியும். நீ பாரேன்.”

“என்னைத் தோற்கடிச்சதை நானே உட்கார்ந்து படிக்கணுமா? நல்ல நியாயம் அண்ணி!” போன் வைக்கப்பட்டது.

அன்று மாலைக்குள் நத்தையின் முந்நூறு வரியில் ஏழு குறைகள் கண்டு அனுப்பியிருந்தாள். கோபத்தில் படிப்பவள் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை, ஏழும் உண்மை. அவற்றில் ஒரு சொல்லையும் மாற்றாமல், பார்த்தவர் என்ற இடத்தில் நாத்தனாரின் முழுப்பெயரையும் போட்டு, நத்தைக்கு அனுப்பினாள்.