படத்தில் விட்டுப்போன கிணறு

ஞாயிற்றுக்கிழமையானால் நானும் என் மனைவியும் வண்டியை எடுத்துக்கொண்டு படம் வரையக் கிளம்பிவிடுவோம். அவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. நான் வங்கிக்காரன், அவளைப் பார்த்து வீம்புக்குத் தூரிகை பிடித்தவன்.

அன்று எடப்பாடிப் பக்கம் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் அவள் மூன்று கால் ஸ்டாண்டை விரித்தாள். நான் சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில் உட்கார்ந்து, வரைகிற அவளையே வரைந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வண்ணத்தை அப்பிக்கொண்டே போவாள். கிட்டே நின்றால் வெறும் திட்டுகள்தான் தெரியும்.

காட்டுக்காரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும். ஸ்டாண்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

"அளக்காதீங்க. இன்னொருக்கா அளந்தீங்கன்னா இங்கயே படுத்துக்குவேன்."

புதுச்சாலைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று அந்தப் பக்கம் ஒரே பேச்சு. மூன்று கால் வைத்த எதைக் கண்டாலும் சர்வேக்காரர்தான் என்று பயப்படும்படி ஆகிவிட்டது. எனக்கோ வெளிச்சம் மாறுகிறதே என்று எரிச்சல்.

"படம் வரையறமுங்க. வந்து பாருங்க," என்றாள் மனைவி.

அவர் மூக்கு முட்டப் பார்த்தார். "இதுல காடு எங்கிருக்குது அம்மிணி?"

"பத்தடி பின்னால போய்ப் பாருங்க."

போனார். "அட, நம்ம காடுதானுங்க!" என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "கெணறு எங்கீங்க?"

கிணறு எதிரேதான் இருந்தது. சிமெண்டுச் சுவரும் மோட்டார் கொட்டகையும் படத்தைக் கெடுக்கும் என்று அந்த இடத்தில் மனைவி பச்சையை அப்பியிருந்தாள். அது எங்கள் வழக்கம்.

"அளக்க வந்தவங்களும் கெணறே இல்லாத மானாவாரிக் காடுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, பணமும் கொறச்சுத்தான் வருமாம். நானும் எங்கூட்டுக்காரரும் வெட்டுன கெணறுங்க. நீங்களாச்சும் போடக்கூடாதுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மனைவி பச்சையைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, சுவர், கொட்டகை, குழாய் என எல்லாவற்றையும் போட்டாள். முடியும்வரை அந்தம்மா நகரவில்லை. படத்தை அவருக்கே கொடுத்துவிட்டோம். அடுத்த தடவை அளக்க வந்தால் காட்டுவாராம்.

கொடுக்குமுன் மனைவி படத்தின் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாட்சிக்கு நீங்களும் ஒண்ணு போடுங்க சாமி."

அது எந்த ஆபீஸிலும் செல்லாது என்று எனக்குத் தெரியும். நான் வரையாத படத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.