கார்ட் போடாத கமரா

ஆவணப்படம் எடுக்கிறவனுக்குப் பெரிய எதிரி அவன் கையில் இருக்கும் கமராதான். கலியாண வீட்டில் வீடியோக்காரர் லைட்டைத் திருப்பியதும், வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே நிறுத்திவிட்டுச் சிரித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பட்டுச்சேலை

வெள்ளவத்தையில் தனியே வாழும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் சாதாரணக் காலைப்பொழுதை எடுக்கப் போனேன். "வழக்கம்போல இருங்கோ" என்று போனில் நாலு தரம் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் பட்டுச்சேலை உடுத்து, நெக்லஸ் போட்டு, கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் திரை முன்ஃபிளாட்டில் இரவல் வாங்கியதாம். ஒவ்வொரு நாளும் இப்படியோ என்று கேட்டேன்.

"நைட்டியோட நிக்கிறதை ஆரும் படம் எடுப்பினமோ, தம்பி? கனடாவில பிள்ளையளெல்லாம் பாக்குங்கள்."

என் கண்டுபிடிப்பு

அதற்குப் பிறகு ஒரு வழி பிடித்தேன். முதல் வாரம் கமராவில் மெமரி கார்ட் போடமாட்டேன். எடுப்பதுபோல் பாவனை மட்டும்தான். ஆட்கள் கமராவுக்கு அலுத்துப்போய்த் தங்கள் பாட்டுக்கு இருக்கத் தொடங்கியதும் கார்ட் போடுவேன். இந்த விஷயம் கிருலப்பனையில் இருக்கும் என் எடிட்டர் ரமணிக்கு மட்டும் தெரியும்.

"உண்மையை எடுக்கப் போறன் எண்டுட்டுப் பொய்யிலயே தொடங்கிறீங்கள், அண்ணா."

ஐந்தாம் நாள்

கொட்டாஞ்சேனையில் ஒருவர். சேவியர் அங்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரே மகள் தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போனபிறகு வீட்டில் அவரும் அன்ரியும்தான். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. அன்ரி வழக்கம்போல் அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தார். அங்கிள் திடீரென்று கதைக்கத் தொடங்கினார்.

"அவள் ஒருக்கா வந்தவள், தம்பி. வாசலில நிண்டு 'அப்பா' எண்டு கூப்பிட்டவள். நான் கதவைத் திறக்கேல்லை. மனுசிக்கு இண்டைக்கும் தெரியாது."

என் முழுப் படமும் அந்த நாலு வசனத்தில் இருந்தது. கமராவிலோ கார்ட் இல்லை. இரண்டு நாள் என்மேலேயே ஆத்திரமாக இருந்தது. பிறகு போய் அங்கிளிடம் தனியே உள்ளதைச் சொல்லி, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சிவப்பு லைட் எரியேல்லை எண்டு முதல் நாளே கண்டனான். எரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பனோ?"

லைட் எரிந்தது

அத்தோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. கார்ட்டைப் போட்டு, இருவரையும் சோபாவில் இருத்தி, மகளைப் பற்றிக் கேட்டேன். அங்கிள் லென்ஸை நேரே பார்த்து, "அவள் வந்திருந்தா நான் திறந்திருப்பன்தானே" என்றார். அன்ரி தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினார். எனக்கு அந்த இடத்தில் இருக்கவே கூச்சமாக இருந்தது. கோப்பைகளை வாங்கும் சாட்டில் பின்னாலேயே குசினிக்குப் போனேன். அன்ரி கதவால் எட்டிக் கமராவைப் பார்த்துவிட்டு, கேத்தல் சத்தத்துக்குள் மெல்லச் சொன்னார்.

"அவள் வந்ததும் எனக்குத் தெரியும், இவர் திறக்காததும் தெரியும். செவ்வாய்க்கிழமையில நான் கோயிலுக்குப் போறதே அவளைப் பாக்கத்தான். இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி."

படம் இருபத்திரண்டு நிமிடம். அதில் உண்மை என்று நான் சத்தியம் பண்ணக்கூடியது அன்ரி போட்ட தேத்தண்ணி மட்டும்தான்.